நகர விளிம்பில் விளைநிலம்: கோடு மட்டும் ஏன் போதுவதில்லை

நகரத்தை ஒட்டிய வயலில் முதல் வீடு எழும்பும்போதுதான் அந்த வயல் போய்விட்டது என்று நாம் பேச ஆரம்பிக்கிறோம். உண்மையில் அது கைவிட்டுப் போய் அதற்குள் பல வருடம் ஆகியிருக்கும். சுற்றுச்சாலை வருகிறது என்ற பேச்சு அடிபட்ட நாளிலிருந்தே நிலத்தின் விலை விளைச்சலோடு சம்பந்தமில்லாமல் ஏறத் தொடங்கியிருக்கும். அப்புறம் நிலத்துக்காரர் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் மாறும். காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் பிடிக்கிற கன்றை யாரும் நட மாட்டார்கள். கிணற்றைத் தூர்வாரச் செலவழிக்க மனம் வராது. வேலி சாய்ந்தால் சாய்ந்தபடியே கிடக்கும். குத்தகைக்கு விட்டாலும் ஒரு வருடத்துக்கு மேல் எழுதித் தர மாட்டார்கள். நாளைக்கே நல்ல விலை வந்தால் நிலத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டுமே என்ற கணக்கு. ஒரு வருடக் குத்தகைக்கு வந்தவர் தொழுவுரம் அடித்து மண்ணைத் தேற்றுவாரா? அந்த உரத்தின் பலன் அடுத்தடுத்த வருடங்களில்தான் வரும், அப்போது நிலம் அவர் கையில் இருக்காது. அதனால் இருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கடைசியில் ஒருநாள் அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே புல் மண்டிய தரிசு நிலம் கிடக்கிறது. ‘இங்கே விவசாயமே நடக்கவில்லையே, வீடு கட்ட விட்டால் என்ன’ என்று கேட்பது அப்போது மிகச் சுலபம்.

விளைநிலப் பாதுகாப்பைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டடம் வருவதைத் தடுப்பது ஒரு வேலை. கட்டடம் வரும் என்ற எதிர்பார்ப்பைத் தடுப்பது இன்னொரு வேலை. உலகத்தில் நடந்த முயற்சிகளை எடுத்துப் பார்த்தால், இரண்டாவதைச் செய்தவை ஓரளவு நிலைத்திருக்கின்றன. முதலாவதை மட்டும் செய்தவை ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் ஆட்டம் கண்டிருக்கின்றன.

எதிர்பார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று அறிஞர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பண்ணை நடத்திய யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் டியூனன், 1826இல் ஒரு மாதிரியைச் சொன்னார். நகரத்துக்கு மிக அருகே காய்கறியும் பாலும், அதைத் தாண்டி விறகுக்காடு, பிறகு தானியம், கடைசியில் மேய்ச்சல் என்று வளையம் வளையமாக விவசாயம் அமையும் என்பது அவர் கணக்கு. சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் சந்தைக்கு அருகில் விளைய வேண்டும். நகரத்தை நெருங்க நெருங்க நிலத்தில் உழைப்பும் முதலீடும் கூடும். வண்டியும் மாடும் சரக்கு சுமந்த காலத்துக்கு அது சரி. 1967இல் ராபர்ட் சின்க்ளேர் என்ற புவியியலாளர், பரவிக்கொண்டே போகும் இன்றைய நகரத்தைச் சுற்றி நிலைமை தலைகீழாக இருப்பதைக் காட்டினார். நகரத்துக்கு மிக அருகில் இருக்கிற நிலத்தில்தான் விவசாயம் மிகவும் தளர்ந்து கிடக்கிறது, தள்ளிப் போகப் போகத்தான் அது வலுக்கிறது என்றார். மண் அதேதான், மழையும் அதேதான். ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்ற கேள்வி ஒன்றுதான் புதிது.

சரி, போகட்டுமே, உணவை வேறு எங்காவது விளைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் நகரங்கள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. மனிதர்கள் முதலில் குடியேறியது ஆற்றோரம், கழிமுகம், வண்டல் படிந்த சமவெளி. நல்ல மண்ணும் தண்ணீரும் இருந்த இடத்தில் ஊர் வந்தது, ஊர் நகரமானது. ஆகவே நகரம் வெளியே பரவும்போது அது தின்பது பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே சிறந்த மண்ணை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2030க்குள் நகர விரிவாக்கம் உலகப் பயிர் நிலத்தில் 1.8 முதல் 2.4 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும் என்று மதிப்பிட்டது. கேட்கச் சின்ன எண் போலத் தோன்றும். ஆனால் அந்த நிலம் உலக சராசரியைப்போல 1.77 மடங்கு விளைச்சல் தருவது. இழப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நேரும். அங்கே இழப்பது ஏற்றுமதிக்கான உபரியை அல்ல, சிறு விவசாயக் குடும்பங்களின் சாப்பாட்டை.

எகிப்து இதற்குக் கண்ணெதிரே நிற்கும் உதாரணம். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 4 சதவீதம்தான் விவசாயத்துக்கு ஆகும். அதில் பெரும்பங்கு நைல் பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் இருக்கிறது. கிட்டத்தட்ட மொத்த மக்களும் அதே துண்டு நிலத்தில்தான் வாழ்கிறார்கள். வண்டல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டிச் செங்கல் சூளைக்கு விற்பது ஒரு காலத்தில் அங்கே பெரும் தொழில். 1980களில் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். வயலில் வீடு கட்டுவதற்கும் தடை உண்டு. ஆனால் 2011 ஜனவரியில் ஆட்சி ஆட்டம் கண்டு காவல் தளர்ந்த உடனே, கழிமுகம் முழுக்க வயல்களுக்கு நடுவே கான்கிரீட் தூண்கள் முளைத்தன. அத்தனை வருடமும் சட்டம் இருந்தது. அதற்குள்ளேயே ஆசையும் காத்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பு போனதும் என்ன நடக்கும் என்பதை எதிர்பார்ப்பு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது.

மேல்மண் போனால் திரும்பாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சில சென்டிமீட்டர் மேல்மண் இயற்கையாக உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். கட்டடத்தை இடித்துவிடலாம். அஸ்திவாரத்துக்காக வழித்தெடுத்து, கனரக வண்டி ஓடி இறுகிப்போன அடிமண்ணில் மறுபடி பழைய விளைச்சலை எடுக்க முடியாது. மனை மறுபடி வயலானதாக நாம் கேள்விப்படுவதே இல்லை, காரணம் இதுதான்.

கோடு போட்டவர்கள்

நிலப் பாதுகாப்பு என்றதும் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது வரைபடத்தில் ஒரு கோடு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் இதில் மிகவும் பேசப்பட்டது. 1973இல் ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில் வந்த சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு நகரமும் தனக்கு ஒரு வளர்ச்சி எல்லையை வகுத்தே ஆக வேண்டும் என்றது. போர்ட்லாந்து பெருநகரத்தின் எல்லை 1979இல் உறுதியானது. எல்லைக்குள் அடுத்த 20 ஆண்டுக்குத் தேவையான வீட்டு நிலம் இருக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும், போதாவிட்டால் விரிக்கலாம். எல்லைக்கு வெளியே உள்ள நிலம் விவசாயத்துக்கு மட்டும் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டது. அங்கே நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்க முடியாது. பொதுவாக 80 ஏக்கருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போர்ட்லாந்தின் விளிம்பில் இன்றைக்கும் ஒரு சாலையின் ஒரு பக்கம் வீடுகளும் மறுபக்கம் நாற்றுப் பண்ணையும் நிற்பதைப் பார்க்க முடிகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லை 20 ஆண்டுக் கணக்கில் நகரும் என்றால், எல்லையை ஒட்டி இருக்கிற நிலத்துக்காரர் என்ன நினைப்பார்? அடுத்த முறை நம்முடையது உள்ளே வந்துவிடும் என்றுதான். கோட்டுக்கு வெளியே ஒரு பட்டையில் அதே தளர்ச்சி மறுபடி குடிகொள்ளும். இதைப் புரிந்துகொண்டு 2007இல் ஒரிகன் ஒரு திருத்தம் செய்தது. போர்ட்லாந்தைச் சுற்றியுள்ள நிலத்தில் எது எதிர்காலத்தில் நகரமாகலாம், எது 50 ஆண்டு வரை ஆகவே ஆகாது என்று முன்கூட்டியே அறிவிக்க வழி செய்தது. ஐம்பது ஆண்டு என்பது ஒரு மனிதரின் உழைக்கும் காலத்தைவிட நீளம். வாங்கிப் போட்டுக் காத்திருக்கலாம் என்று நினைப்பவருக்கு அது தாங்காது. விவசாயிக்கோ பழத்தோட்டம் வைக்கலாம் என்ற தைரியம் வரும். எல்லைக் கோட்டைவிட இந்தத் திருத்தத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. 2000களின் தொடக்கத்தில் அங்கே வளர்ச்சி எல்லை வகுத்தார்கள். எல்லையை மாற்ற மாநில நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். அப்படியும் எல்லை மீண்டும் மீண்டும் நகர்ந்தது. 2010இல் மட்டும் 43,000 ஹெக்டேருக்கு மேல் உள்ளே சேர்ந்தது. ஒரு தடவை நகர்ந்த கோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்கப்புறம் கோட்டுக்கு வெளியே நிலம் வாங்குவது அடுத்த நகர்வுக்கான முன்பதிவு ஆகிவிடுகிறது.

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது இன்னும் பளிச்சென்று தெரிகிற கதை. டொரொன்டோவைச் சுற்றி 2005இல் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் பசுமை வளையமாக, அதாவது கட்டடத்துக்குத் தடையுள்ள நிலப்பட்டையாக, அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் அரசு அதிலிருந்து 15 இடங்களில் சுமார் 7,400 ஏக்கரை எடுத்து 50,000 வீடு கட்டப் போவதாகச் சொன்னது. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டினார்கள். 2023 ஆகஸ்டில் மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வந்தது. அந்த ஒரு முடிவால் நில உரிமையாளர்களுக்கு 830 கோடி கனடிய டாலருக்கு மேல் மதிப்பு கூடியிருக்கும் என்றும், நிலத்தைத் தேர்ந்தெடுத்த விதம் சில கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது என்றும் அதில் இருந்தது. வீட்டு வசதி அமைச்சர் பதவி விலகினார். செப்டம்பரில் முதல்வர் டக் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு நிலத்தைத் திரும்ப வளையத்துக்குள் வைத்தார். ஒரு கையெழுத்து, 830 கோடி. அங்கே ஒரு மூட்டை நெல்லோ கோதுமையோ கூடுதலாக விளையவில்லை, ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை. எல்லைக் கோட்டின் மீது எத்தனை அழுத்தம் இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

தென்கொரியாவின் அனுபவம் வேறு ஒரு சிக்கலைக் காட்டுகிறது. சியோலைச் சுற்றி 1971இல் பசுமை வளையம் கடுமையாக அமலானது. வளையத்துக்குள் நிலம் பிழைத்தது. ஆனால் நகரம் நிற்கவில்லை. வளையத்தைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் புதுநகரங்களாக எழும்பியது. மக்கள் தினமும் வளையத்தைக் கடந்து வேலைக்குப் போய் வந்தார்கள். லண்டனைச் சுற்றிய பசுமை வளையத்திலும் இதே தாண்டல் நடந்திருக்கிறது. ஆகவே வளையத்துக்கு உட்பட்ட நிலத்தை மட்டும் காத்து, அதற்கு அப்பால் உள்ளதைத் திறந்து விட்டால், இழப்பு இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1973இல் இதைத் தவிர்த்தது. நகரத்தைச் சுற்றி வளையம் போடாமல், மண்ணின் தரத்தைப் பார்த்து மாகாணம் முழுக்க நல்ல நிலத்தை ஒதுக்கியது. மலைகளும் காடும் நிறைந்த அந்த மாகாணத்தின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம், 46 லட்சம் ஹெக்டேர் அளவில், இன்றைக்கும் ஒதுக்கீட்டில் இருக்கிறது. விலக்குக் கேட்கும் மனுக்களை உள்ளூர் மன்றம் தனியாக முடிவு செய்ய முடியாது, மாகாண அளவிலான ஆணையம் முடிவு செய்யும். 2020க்குப் பிறகு தனி நில உரிமையாளர் விலக்குக் கேட்டு மனுப் போடவே முடியாது. மனுப் போடலாம் என்ற வாசல் திறந்திருக்கும்வரை நம்பிக்கையும் திறந்திருக்கும் என்பதை அவர்கள் கிட்டத்தட்ட ஐம்பது வருட அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஏறிய விலை யாருடையது?

இதுவரை சொன்னதில் விவசாயியின் பக்கம் வரவில்லை. அதைச் சொல்லாமல் நிலப் பாதுகாப்பு பேசுவது நியாயமில்லை. நகர விளிம்பில் வயல் வைத்திருக்கிற முதியவருக்கு அந்த நிலம்தான் ஓய்வூதியம், மகளின் கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம். பக்கத்து நிலத்துக்காரர் கோட்டுக்கு உள்ளே இருந்ததால் பெரும் பணம் பார்த்தார். இவர் கோட்டுக்கு வெளியே இருந்ததால் விளைபொருள் விலையை நம்பிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி உழைத்தவர்கள். நகரத்துக்குப் பச்சையும் காற்றும் உணவும் வேண்டும் என்பதற்காக அதன் செலவை இவர் ஒருவர் தலையில் கட்டுவது எந்த விதத்தில் சரி?

தென்கொரியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இல் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. பசுமை வளையம் என்ற ஏற்பாடே தவறு என்று அது சொல்லவில்லை. ஆனால் நிலத்தை முன்போலப் பயன்படுத்தவே முடியாமல் போனவர்களுக்கு இழப்பீடு இல்லாமல் விடுவது அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றது. அதற்கப்புறம் வளையம் பல இடங்களில் தளர்த்தப்பட்டது. ஒரிகனிலும் இதே வெடிப்பு நடந்தது. கட்டுப்பாட்டால் மதிப்பு குறைந்தால் ஒன்று பணம் கொடு, இல்லாவிட்டால் கட்டுப்பாட்டை நீக்கு என்ற சட்டத்தை 2004 நவம்பரில் வாக்காளர்கள் 61 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அரசிடம் கொடுக்கப் பணம் இல்லை, ஆகவே கட்டுப்பாட்டை நீக்கிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 7,000 மனுக்கள் குவிந்தன. நல்ல விளைநிலத்துக்கு நடுவே வீட்டு மனைகள் வரப்போவதை ஜனங்கள் பார்த்தார்கள். 2007இல் அதே வாக்காளர்கள் அதைப் பெருமளவு திருப்பிப் போட்டார்கள். முதல் வாக்கில் நியாய உணர்வு இருந்தது, இரண்டாவதில் விளைவைப் பார்த்த பயம் இருந்தது. இரண்டுமே உண்மையானவை.

இங்கிலாந்து 1947இல் இந்த முடிச்சை ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தது. நிலம் உன்னுடையது, ஆனால் அதில் கட்டடம் கட்டும் உரிமை இனி அரசினுடையது என்றது அந்த வருடச் சட்டம். அனுமதி கிடைத்தால் கூடுகிற மதிப்பு முழுவதையும், நூற்றுக்கு நூறு, கட்டணமாகச் செலுத்த வேண்டும். உரிமையை இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க 30 கோடி பவுண்ட் ஒதுக்கினார்கள். கணக்கு நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் விற்றால் ஒரு லாபமும் இல்லை என்றதும் நிலத்துக்காரர்கள் விற்பதையே நிறுத்தினார்கள், ஆட்சி மாறட்டும் என்று காத்திருந்தார்கள். மாறியது. 1953இல் கட்டணம் ரத்தானது. அனுமதி வேண்டும் என்ற பகுதி மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஏறிய விலையில் எல்லாவற்றையும் எடுப்பதும் நடக்காது, எதையும் எடுக்காமல் விடுவதும் நடக்காது என்பது இதிலிருந்து புரிகிறது. மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையிலிருந்து எடுத்திருக்கிற வழி நடுவில் நிற்கிறது. நிலப் பயன்பாட்டு வகை மாற்றப்பட்டு மதிப்பு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கூடினால், அந்தக் கூடுதல் மதிப்பில் பாதி அரசுக்குப் போகும்.

மறுபக்கம், கட்டாமல் விடுகிறவருக்குப் பணம் கொடுப்பது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1974இல் இதைத் தொடங்கியது. விவசாயி நிலத்தை விற்பதில்லை. அதில் மனை போடும் உரிமையை மட்டும் அரசுக்கு விற்கிறார். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், உழலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், இன்னொரு விவசாயிக்கு விற்கலாம். கட்ட மட்டும் முடியாது, யார் வாங்கினாலும் முடியாது. கையில் ஒரு தொகை வருகிறது, கடன் அடைகிறது. அதோடு நிலத்தின் விலை விவசாயத்துக்குக் கட்டுப்படியாகிற அளவுக்கு இறங்குவதால், புதிதாக விவசாயத்துக்கு வருகிற இளைஞரும் அதை வாங்க முடிகிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு நேரான தீர்வு வேறு இல்லை. குறை ஒன்றுதான்: செலவு. விலை ஏறிய பிறகு தொடங்கினால் கொஞ்ச நிலத்துக்குத்தான் பணம் போதும்.

அந்தச் செலவை அரசின் தலையிலிருந்து இறக்கி நகரத்தின் தலையில் வைத்தது, வாஷிங்டனை ஒட்டிய மாண்ட்கமரி கவுன்டி. 1980இல் அங்கே 93,000 ஏக்கரை விவசாய ஒதுக்கீடாக அறிவித்தார்கள்; கவுன்டியின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முன்பு 5 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்றிருந்ததை 25 ஏக்கருக்கு ஒன்று என்று இறுக்கினார்கள். இழந்ததற்கு ஈடாக, 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கத்தக்க உரிமைகளை விவசாயிக்குக் கொடுத்தார்கள். நகரத்துக்குள் குறிப்பிட்ட பகுதிகளில் கூடுதல் வீடு கட்ட நினைக்கும் பில்டர் அந்த உரிமைகளை விவசாயியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். இப்படி நகரத்தின் அடர்த்தியே வயலின் காவலுக்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் இது நடக்க வேண்டுமானால், நகரத்துக்குள் கூடுதல் வீடுகளை ஏற்கிற பகுதிகள் உண்மையிலேயே இருக்க வேண்டும். எங்கள் தெருவில் மாடி வேண்டாம் என்று எல்லோரும் சொன்னால் உரிமையை வாங்க ஆள் இருக்க மாட்டார்.

வரியைக் குறைப்பது என்ற சுலபமான வழியைப் பற்றி ஒரு வார்த்தை. விளைநிலத்துக்கு மனை விலையில் வரி போடாமல் விளைச்சல் மதிப்பில் போடுவது. கலிஃபோர்னியா 1965இல் பத்தாண்டு ஒப்பந்தத்தோடு இதைக் கொண்டுவந்தது. தூரத்துப் பண்ணைகளுக்கு அது உதவியது. நகர விளிம்பில் இருப்பவர்கள்தான் ஒப்பந்தத்தில் சேரத் தயங்கினார்கள், பத்து வருடம் கையைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. வரிச்சலுகை மட்டும் கொடுத்து வேறு எந்த நிபந்தனையும் வைக்காவிட்டால், நிலத்தை வாங்கிப் போட்டுக் காத்திருப்பவருக்குக் காத்திருக்கும் செலவைக் குறைத்துக் கொடுத்ததாகவே ஆகும்.

நகரத்தின் பங்கு

வயலைக் காப்பதாகச் சொல்லிவிட்டு, நகரத்துக்குள் வீடு கட்ட இடம் கொடுக்காமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு சில வருடம் தாங்கும், அவ்வளவுதான். வாடகை ஏறும், இளம் குடும்பங்கள் அவதிப்படும், கடைசியில் கோபம் வயலின் மீது திரும்பும். ஒன்டாரியோவில் அரசு சொன்ன காரணமே வீட்டுப் பற்றாக்குறைதான். ஒரிகன் இதைப் புரிந்துகொண்டு 2019இல் இன்னொரு சட்டம் போட்டது. பெரிய நகரங்களில் தனி வீடு மட்டுமே என்றிருந்த தெருக்களில் இனி இரண்டு, மூன்று, நான்கு குடும்பம் வாழும் வீடுகளையும் கட்டலாம். இதை வீட்டு வசதிச் சட்டம் என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது விளைநிலச் சட்டத்தின் மறுபாதி.

ஐரோப்பாவில் சில நாடுகள் எங்கே கட்டலாம் என்பதோடு மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்றும் கணக்கு வைக்கின்றன. ஜெர்மனியில் 2000 வாக்கில் நாளொன்றுக்கு சுமார் 130 ஹெக்டேர் புதிதாகக் குடியிருப்புக்கும் சாலைக்கும் போய்க்கொண்டிருந்தது. 2020க்குள் அதை 30 ஹெக்டேருக்குக் குறைப்பது இலக்கு. எட்டவில்லை; ஆனால் பாதிக்கும் கீழே வந்தது, இலக்கு 2030க்குத் தள்ளிப்போனது. பிரான்ஸ் 2021 சட்டத்தில், பத்தாண்டில் இந்த நுகர்வைப் பாதியாக்கி 2050க்குள் நிகர அளவில் பூஜ்யமாக்குவது என்று அறிவித்தது. சிற்றூர்களின் மேயர்கள் எதிர்த்தார்கள், 2023இல் சில தளர்வுகள் வந்தன. நிகர அளவு என்ற சொல் வரும்போது கவனமாக இருக்க வேண்டும். சீனாவில் 180 கோடி மூ, அதாவது 12 கோடி ஹெக்டேர் பயிர் நிலத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சிவப்புக் கோடு உண்டு. எடுத்த அளவுக்கு வேறு இடத்தில் புதிய நிலம் உருவாக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நகரத்தை ஒட்டிய நல்ல வண்டல் நிலத்தை எடுத்துவிட்டு, எங்கோ சரிவில் தண்ணீர் இல்லாத நிலத்தைத் திருத்திக் கணக்குக் காட்டிய சம்பவங்கள் அங்கே அடிக்கடி விமர்சிக்கப்பட்டன. ஏக்கர் கணக்கு சரியாகிவிடும், விளைச்சல் கணக்கு சரியாகாது.

வயல் தனியாக வாழாது

நிலத்தைக் காத்தும் விவசாயம் சாகலாம். இதுதான் வரைபடத்தில் தெரியாத பகுதி. ஒரு வாய்க்காலில் நாற்பது வயல் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஐந்தாறு வயல் மனையாகிறது. அங்கே வாய்க்காலைத் தூர்வார இனி யாரும் வர மாட்டார்கள். வீட்டுச் சாக்கடை அதில் விழும். வடிகால் மூடப்பட்டுச் சாலையாகும். மேல்பக்க வயலில் மழை பெய்தால் தண்ணீர் வடியாது, கீழ்ப்பக்கக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது. சட்டப்படி முப்பத்தைந்து வயல் பத்திரமாக இருக்கிறது, உண்மையில் பாதி பயிரிட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. அப்புறம் டிராக்டர் சாலையில் போனால் கார்காரர் ஹாரன் அடிப்பார். எரு அடித்தால் நாற்றம் என்று புகார் வரும். மருந்து தெளிக்க முடியாது, தெருவிளக்கு வெளிச்சத்தில் சில பயிர்கள் காலத்தில் பூக்காது. அமெரிக்காவில் 50 மாநிலங்களுமே இப்படிப்பட்ட புகார்களிலிருந்து விவசாயியைக் காக்கத் தனிச் சட்டம் வைத்திருக்கின்றன என்றால் பிரச்சினை எவ்வளவு பரவலானது என்று பாருங்கள். விவசாயிகள் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனதும் விதைக்கடை மூடும், டிராக்டர் மெக்கானிக் வேறு ஊருக்குப் போவார், நெல் அரைக்கும் ஆலையோ பால் வண்டியோ வருவது நிற்கும். மிஞ்சிய நான்கு பேர் எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் தாக்குப் பிடிக்க முடியாது. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு நிலங்களைக் காப்பதைவிட, ஒரே பாசனத்தில் இருக்கிற தொகுப்பை முழுசாகக் காப்பது பல மடங்கு பலன் தரும்.

விவசாய நிலம் என்ற பெயரிலேயே அதைப் பறிகொடுக்கவும் முடியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வான்கூவரை ஒட்டிய ஒதுக்கீட்டு நிலத்தில் விவசாயி தங்க ஒரு வீடு கட்டலாம் என்பது விதி. நகரத்தில் மனை விலை எட்டாமல் போனதும், வசதியானவர்கள் வயலை வாங்கி நடுவில் மாளிகை கட்டத் தொடங்கினார்கள். விதி மீறல் எதுவும் இல்லை. நிலம் ஒதுக்கீட்டிலேயே இருந்தது. ஆனால் அந்த வயலை இனி எந்த விவசாயியும் வாங்க முடியாது, விலை அந்த மாளிகையோடு ஏறிவிட்டது. 2019இல்தான் வீட்டின் அளவு 500 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வந்தது.

பிரான்சில் 1960இலிருந்து இருக்கிற ஒரு ஏற்பாடு இந்தப் பக்கத்தை நேராகவே கையாளுகிறது. விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால், பத்திரம் பதிகிறவர் மண்டல நில நிறுவனத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரின் நோக்கம் விவசாயமாகத் தெரியாவிட்டால், அல்லது விலை விளைச்சலுக்குப் பொருந்தாமல் இருந்தால், அந்த நிறுவனம் குறுக்கிட்டுத் தானே வாங்கி, விவசாயம் செய்கிறவருக்கு மறுவிற்பனை செய்யலாம். எல்லா விற்பனையிலும் அது குறுக்கிடுவதில்லை. குறுக்கிடும் என்று தெரிந்திருப்பதே பல பேரங்களை நிதானப்படுத்துகிறது.

கடைசியாகக் குத்தகைக்காரர். நகர விளிம்பில் உழுகிறவர்களில் கணிசமானவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. நிலம் விற்கப்பட்டால் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது; கட்டும் உரிமையை அரசு விலைக்கு வாங்கினாலும் பணம் பத்திரத்தில் பெயர் இருப்பவருக்குத்தான். நிலப் பாதுகாப்புத் திட்டங்களில் இவர்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருக்காது. வைத்தால் எதை வைப்பது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. கட்டும் உரிமைக்கோ வரிச்சலுகைக்கோ பொதுப் பணம் போகிற நிலத்தில் குத்தகை குறைந்தது ஒன்பது பத்து வருடத்துக்கு எழுதப்பட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். பிரான்சின் விவசாயக் குத்தகைச் சட்டம் சாதாரணமாகவே ஒன்பது வருடத்தைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது, நகரத்துக்கு அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும். ஒன்பது வருடம் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் கிணற்றைத் தூர்வாருவார், வரப்பைக் கட்டுவார், மண்ணுக்கு எருவும் போடுவார்.